அரண்மனைக்கும் அதே சீட்டு

யுத்தகாலப் பங்கீடும் அரச வைபவங்களும் சங்க அங்கத்தினருக்குக் கற்பிக்கும் பாடம்

தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் நாட்டுப் பழமொழி. பண்டம் மிகுந்திருக்கும் காலத்தில் இப்பழமொழியின் கசப்பு ஒருவருக்கும் தெரிவதில்லை. பண்டம் குறைந்த காலத்திலேதான் ஓர் ஊரின் குணமும், ஓர் அரசாங்கத்தின் குணமும், ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் குணமும் வெளிப்படுகின்றன. அப்பொழுது யார் முந்திக்கொள்கிறார், யார் பிந்தி நிற்கிறார், படி யார் கையில் இருக்கிறது என்பனவே ஜனங்களுடைய கவனத்திற்கு உரிய விஷயங்களாகின்றன.

இரண்டு மகா யுத்தங்களின்போதும் பிரிட்டிஷ் மக்கள் உணவையும் துணியையும் எவ்வாறு பங்கிட்டுக்கொண்டனர், அந்த நெருக்கடி தீராதிருந்த காலத்தில் வந்த அரச கலியாணத்தையும் முடிசூட்டு விழாவையும் எந்த நியதிக்கு உட்பட்டு நடத்தினர், அதே முடியின்கீழ் இருந்த நம் நாட்டில் அக்காலத்தில் நேர்ந்தது என்ன என்பவற்றை இங்கே சுருக்கமாக எடுத்துரைப்போம். தூரதேசத்துக் கதையாயிற்றே என்று அங்கத்தினர்கள் எண்ணவேண்டுவதில்லை. சங்கக் கடையில் நிறுத்துப் போடும் ஒவ்வொரு நிறுவைக்கும் இக்கதை சம்பந்தமுடையது.

கரிசற் சீமை கண்ட அரச வைபவங்கள்

நம் பக்கத்துக் கிழவர்கள் ஒரு காலத்தில் மன்னரை அறிந்ததெல்லாம் வெள்ளி ரூபாயில் பொறித்த முகத்தைக்கொண்டுதான். பருத்தி விற்ற பணம் மடியில் ஏறும்போது மன்னர் முகமும் ஏறும். கிஸ்தி கட்டும்போது அதுவும் இறங்கிப் போய்விடும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு 1911-ஆம் ஆண்டு ஜூன் 22-இல் லண்டனில் முடிசூட்டினார்கள். அவ்வாண்டு டிசம்பர் 12-இல் டில்லியில் மகா தர்பார் நடந்தது. அவர் பட்டத்திற்கு வந்து 25 ஆண்டுகள் நிறைந்த வெள்ளி விழா 1935-ஆம் ஆண்டு மே மாதம் 6-ந்தேதி கொண்டாடப்பட்டது. அதன்பொருட்டு இந்தியாவிலும் நிதி திரட்டினார்கள். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா 1937-ஆம் ஆண்டு மே மாதம் 12-இல் நடந்தது.

இவ்வைபவங்களை நம் ஜனங்கள் அனைவரும் ஒரே மனத்தோடு வரவேற்றனர் என்று எழுதினால் அது உண்மையாகாது. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் தூத்துக்குடிக்குப் பிரியும் இடமான மணியாச்சி ஜங்ஷனில், 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-இல், அதாவது லண்டன் முடிசூட்டுக்கு ஐந்து தினங்களுக்கு முன், ஜில்லாக் கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று தன்னையும் சுட்டுக்கொண்டார். அவரிடமிருந்து எடுத்த கடிதத்தில் அந்த முடிசூட்டைப் பற்றிய கண்டனமே இருந்தது. பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை அப்போது சிறையில் இருந்தார். ஆகவே, லண்டனில் மேளமாக ஒலித்த வைபவம் இங்கே பலர் காதில் வேறுவிதமாக ஒலித்தது என்பதை முதலில் மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

முதல் மகா யுத்தமும் ரொட்டியும்

பிரிட்டன் தீவு நாடு. தன் ஜனங்களுக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியை அது கப்பல் மூலமாகவே வரவழைத்து வந்தது. 1914-இல் மூண்ட யுத்தத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தாக்கவே, நாளடைவில் கோதுமைக்கும் சர்க்கரைக்கும் முடை ஏற்பட்டது.

அரசாங்கத்தார் முதலில் கையாண்டது வேண்டுகோள். 1915-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் யுத்தம் முடியும்வரை தம் மாளிகையில் மதுபானம் கூடாதென்று விலக்கிவைத்தார். 1917-ஆம் ஆண்டு மே மாதம் 2-இல் அவர் பெயரால் ஒரு பிரகடனம் வெளியாயிற்று. ஒவ்வொரு குடும்பத்தாரும் வழக்கமாக உண்ணும் ரொட்டியில் நாலில் ஒரு பங்கையேனும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இப்பிரகடனம் தொடர்ந்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது.

இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆயினும் வேண்டுகோளால் மட்டும் பண்டம் பங்காகிவிடுவதில்லை. மனச்சாட்சி உள்ளவன் குறைத்துக்கொண்டான்; பணமுள்ளவன் வாங்கிச் சேமித்தான்; கூலிக்காரன் மனைவி குளிரில் கடைவாயிலில் வரிசையாக நின்றாள். உபதேசம் வேறு, கணக்கு வேறு என்பதைக் கண்டுகொண்ட பின்னரே, 1918-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சர்க்கரைக்கும் பின்னர் இறைச்சி, வெண்ணெய் முதலியவற்றிற்கும் சீட்டு முறையை ஏற்படுத்தினார்கள். அச்சீட்டு மன்னருக்கும் ராணிக்கும் கூட வழங்கப்பட்டது. சீட்டு வந்தபின் கடைவாயில் வரிசைகள் குறைந்தன.

இவ்விடத்தில் கூட்டுறவாளர்களுக்கு முக்கியமான ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ராச்டேல் என்ற ஊரில் 28 தொழிலாளர்கள் தொடங்கிய பண்டகசாலையிலிருந்து வளர்ந்து பரவிய சங்கங்கள், முதல் யுத்த காலத்திற்குள் பிரிட்டன் முழுவதிலும் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சாமான் வழங்கிவந்தன. எனினும் உணவு பங்கீட்டுக் குழுக்களில் தனி வியாபாரிகளின் செல்வாக்கே மிகுந்திருந்தது. யுத்தத்திற்கு முந்திய வியாபார அளவைக்கொண்டே சரக்கு ஒதுக்கப்பட்டதால், யுத்த காலத்தில் அங்கத்தினர் பெருகிய சங்கங்களுக்குப் போதிய சரக்கு கிடைக்கவில்லை. இக்குறையினால் மனம் நொந்த கூட்டுறவாளர்கள், அதுவரை அரசியலில் ஒதுங்கியிருந்த தங்கள் கொள்கையைக் கைவிட்டு, 1917-இல் பார்லிமெண்டில் தங்கள் பிரதிநிதிகள் இருக்கவேண்டுமென்று தீர்மானித்தார்கள். பங்கிடுகிற சபையில் தனக்கு இடமில்லாதவனுக்குப் பங்கும் சரியாக வராது என்பதே அவர்கள் கண்ட அனுபவம்.

பங்கீட்டுப் புத்தகம்

இரண்டாவது மகா யுத்தம் 1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியபோது பிரிட்டன் முன்கூட்டியே ஆயத்தமாயிருந்தது. அம்மாதம் 29-இல் நாடெங்கும் ஜனங்களைப் பதிவு செய்தார்கள். அப்பதிவைக்கொண்டு தலைக்கு ஒரு பங்கீட்டுப் புத்தகம் வழங்கினார்கள். 1940-ஆம் ஆண்டு ஜனவரி 8-இல் பங்கீடு நடைமுறைக்கு வந்தது.

அம்முறையின் இயக்கம் பின்வருமாறு. ஒவ்வொருவரும் தாம் விரும்பிய ஒரு கடையில் தம் புத்தகத்தைப் பதிவு செய்துகொள்ளவேண்டும். கடைக்காரர் தம்மிடம் பதிந்தவர்களின் எண்ணிக்கையைச் சர்க்காருக்குத் தெரிவிப்பார். அந்த எண்ணிக்கைக்கு ஏற்ற சரக்கு மட்டுமே அவருக்கு வரும். வாரந்தோறும் பங்கைக் கொடுத்துப் புத்தகத்தில் உரிய கட்டத்தை நீக்கிவிடுவார். பதிந்த தலைகளையும், வந்த சரக்கையும், நீக்கிய கட்டங்களையும் ஒப்பிட்டால் ஒளிவு மறைவு எங்கே என்று தெரிந்துவிடும். நம் சங்கங்களில் அங்கத்தினர் ரிஜிஸ்தரும், இருப்புப் புத்தகமும், விற்பனைப் பட்டியலும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது போலவே இதுவும்.

தொடக்கத்தில் ஒருவருக்கு வாரத்திற்கு வெண்ணெய் 4 அவுன்ஸ், உப்பிட்ட பன்றியிறைச்சி 4 அவுன்ஸ், சர்க்கரை 12 அவுன்ஸ் என்று நிர்ணயித்தார்கள். ஓர் அவுன்ஸ் என்பது சுமார் 28 கிராம். பழைய கணக்கில் ஏறக்குறைய இரண்டரை ரூபாய் எடை. அவ்வாண்டு ஜூலையில் தேயிலைக்கும் பங்கீடு வந்தது. வாரத்திற்கு 2 அவுன்ஸ். பின்னர் பாலாடைக்கட்டி, சவுக்காரம், மிட்டாய் எனப் பட்டியல் நீண்டது. 1941-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதியிலிருந்து துணிக்கும் கூப்பன் வந்தது. முதலாண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள். ஆண்மகன் ஒருவன் கோட்டும் காற்சட்டையும் சேர்ந்த முழு உடுப்பு வாங்கினால் அவற்றில் 26 செலவாகிவிடும். ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் யுத்தம் முடியும்வரை பங்கீடு வைக்கவில்லை. உழைப்பவன் வயிறு நிறைய ஏதேனும் ஒன்று தடையின்றிக் கிடைக்கவேண்டும் என்பதே அதன் காரணம்.

எல்லோருக்கும் ஒரே அளவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒரே அளவு என்பதன்று. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கும் பச்சை அட்டைப் புத்தகம். அவர்களுக்குப் பால் முதலியவற்றில் முதலுரிமை. பள்ளிப்பிள்ளைகளுக்கு நீல அட்டைப் புத்தகம். வயலில் உழைப்பவர்களுக்கும் சுரங்கத்தில் இறங்குபவர்களுக்கும் பாலாடைக்கட்டி கூடுதலாகக் கொடுத்தார்கள். தேவையினால் வேற்றுமை உண்டு. அந்தஸ்தினால் வேற்றுமை இல்லை. இதுவே அந்த முறையின் உயிர். உணவு மந்திரியாயிருந்த வூல்டன் பிரபு இதனை வானொலியிலும் பத்திரிகைகளிலும் ஜனங்களுக்கு இடைவிடாது விளக்கிவந்தார். பண்டம் குறைந்திருந்தும் அந்த யுத்த காலத்தில் பிரிட்டனில் குழந்தை மரணம் குறைந்தது.

இந்த யுத்தத்தில் கூட்டுறவுப் பண்டகசாலைகள் பழைய குறையை அனுபவிக்கவில்லை. நாட்டு ஜனத்தொகையில் நாலில் ஒரு பங்கினர் தங்கள் பங்கீட்டுப் புத்தகத்தைக் கூட்டுறவுக் கடைகளிலேயே பதிவு செய்தார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. நிறுவை சரியாயிருக்கும், ஒளித்துவைத்த சரக்கு இருக்காது என்ற நம்பிக்கையே அவர்களை அங்கே கொண்டுவந்தது.

அரண்மனையில்

ஆறாம் ஜார்ஜ் மன்னரும் ராணி எலிஸபெத்தும் லண்டனை விட்டுச் செல்லவில்லை. 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-இல் பக்கிங்ஹாம் அரண்மனை மீது குண்டுகள் விழுந்தபோது இருவரும் உள்ளேதான் இருந்தார்கள். அரண்மனையின் தேவாலயம் அழிந்தது. 1942-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவியாராகிய எலினார் ரூஸ்வெல்ட் அங்கே விருந்தினராகத் தங்கினார். குளிர் காய அறையில் சிறு நெருப்பே இருந்தது. குளிக்கும் தொட்டியில் ஐந்து அங்குலத்திற்கு மேல் வெந்நீர் நிரப்பக்கூடாதென்று கோடு போட்டிருந்தது. தங்கத்தட்டிலும் வெள்ளித்தட்டிலும் வந்தது மற்றவர்கள் உண்ணும் யுத்தகால உணவே. இவற்றை அந்த அம்மையார் எழுதிவைத்தார். 1945-இல் மூத்த இளவரசி எலிஸபெத் பெண்கள் துணைப்படையில் சேர்ந்து லாரி ஓட்டவும் அதைப் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார்.

இதை மிகைப்படுத்தவும் வேண்டாம். அரச குடும்பத்தாருக்குச் சொந்தப் பண்ணைகளும் வேட்டைக்காடுகளும் இருந்தன. வேட்டையில் கிடைத்த இறைச்சிக்குப் பங்கீடு கிடையாது. பணக்காரர்கள் பெரிய ஹோட்டல்களில் சீட்டில்லாமல் உண்டுவந்தார்கள். இதைக் குறித்து ஜனங்கள் முணுமுணுத்ததன் பேரில், 1942-இல் ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஐந்து ஷில்லிங்குக்கு மேல் வாங்கக்கூடாதென்று சட்டம் செய்தார்கள். கறுப்பு மார்க்கெட்டும் இருக்கவே இருந்தது. எனினும், எந்த ஓட்டை தெரிந்ததோ அதை ஜனங்கள் சுட்டிக்காட்டவும் அரசாங்கத்தார் அடைக்கவும் இடமிருந்தது. முற்றிலும் குற்றமில்லாத முறை உலகில் எங்கும் இல்லை. குற்றம் கண்டால் கேட்க வாயும், கேட்டால் திருத்தக் கையும் உள்ள முறையே நல்ல முறை.

அதே முடியின்கீழ் நம் நாடு

1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் வைசிராய் இந்தியாவும் யுத்தத்தில் சேர்ந்ததென்று அறிவித்தார். நம் ஜனப்பிரதிநிதிகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கண்டித்துச் சென்னையில் ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை அக்டோபர் மாத இறுதியில் ராஜிநாமா செய்தது. அங்கே, தாங்கள் தேர்ந்தெடுத்த பார்லிமெண்டு வைத்த பங்கீட்டை ஜனங்கள் ஏற்றனர். இங்கே, தங்களைக் கேளாமல் வந்த யுத்தத்தின் பாரத்தை ஜனங்கள் சுமந்தனர்.

1942-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. பல ஆண்டுகளாக அந்த அரிசியை எதிர்பார்த்திருந்த சென்னை ராஜதானிக்கு இது பேரிடி. நம் கரிசல் பூமியில் நெல் விளைவதில்லை. மானாவாரியாகக் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளையும், பணத்திற்குப் பருத்தி. குதிரில் தானியம் உள்ளவரை குடியானவன் தாங்கினான். நிலமில்லாத கூலியாள், ஆலைத் தொழிலாளி, கைவினைஞர் ஆகியோருக்குச் சந்தை விலையே விதி.

துணியின் கதை இன்னும் கசப்பானது. 1901-இல் கோவில்பட்டியில் ஏற்பட்ட விவசாய ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணிப் பருத்தியைத் தேர்ந்து பரப்பிற்று. அப்பருத்தி விளைந்த காடுகளுக்கு நடுவிலுள்ள ஊர்களிலும், யுத்த காலத்தில் ஒரு சேலைக்கும் ஒரு வேஷ்டிக்கும் ஜனங்கள் திண்டாடும்படியாயிற்று. படைகளுக்குத் துணி போயிற்று, எஞ்சியது பதுங்கிற்று. 1943-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்து, துணியிலேயே விலை முத்திரை இடவேண்டுமென்று விதி வந்தது. பிரிட்டனில் துணிக் கூப்பன் வந்து இரண்டு ஆண்டுகள் ஆன பின்னர் இது.

மிகப் பெரிய துயரம் வங்காளத்தில் நேர்ந்தது. 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் 15 லட்சம் பேர் மாண்டதாகச் சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷன் கூறிற்று. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் 30 லட்சம் வரை கணக்கிடுகின்றனர். கல்கத்தாவின் யுத்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு முதலில் தானியம் ஒதுக்கினார்கள். கிராமத்துக் கூலியாளும் செம்படவனும் பெயர்ப்பதிவு எதிலும் இல்லாதவர்களாய்த் தெருவோரத்தில் மடிந்தார்கள். ஒரே மன்னர், ஒரே யுத்தம். ஆயினும் தலைக்கு ஒரு புத்தகம் இருந்த தேசத்தில் பட்டினிச் சாவு இல்லை, புத்தகமில்லாத கிராமங்களில் லட்சக்கணக்கில் சாவு. அரண்மனைத் தொட்டியில் ஐந்து அங்குலக் கோடு போட்ட ஆட்சி, வங்காளத்துக் குடிசையின் அடுப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. பங்கீடு என்பது சட்டத்தின் பெயரன்று, எண்ணப்படுவதற்கு ஒருவனுக்குள்ள உரிமையே பங்கீடு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமோ?

சென்னை நகரில் 1943-இல் பங்கீடு வந்தது. பின்னர் மற்ற இடங்களுக்கும் பரவிற்று. அக்காலத்தில்தான் நம் ராஜதானியில் கூட்டுறவுப் பண்டகசாலைகள் பல மடங்கு பெருகின. 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் முதலிய பழைய சங்கங்கள் வழிகாட்டின. ஆனால் யுத்தம் முடிந்தும் கட்டுப்பாடு நீடித்தது. ஜில்லா விட்டு ஜில்லா தானியம் கொண்டுபோகத் தடை, கொள்முதல் கெடுபிடி, இடையில் நின்றவர்களின் லாபம் ஆகியவற்றால் ஜனங்கள் அதை வெறுத்தார்கள். 1952-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ராஜாஜி அக்கட்டுப்பாட்டை நீக்கியபோது ஊரெங்கும் மகிழ்ச்சி உண்டாயிற்று. நம்பிக்கையில்லாத பங்கீடு நன்மை செய்யும்போதுகூட நல்ல பெயர் எடுக்காது.

ஒரு கலியாணமும் ஒரு முடிசூட்டும்

யுத்தம் 1945-இல் முடிந்தது. வெற்றி பெற்ற பிரிட்டனில் பஞ்சம் தீரவில்லை. யுத்த காலத்தில் பங்கிடாத ரொட்டியையே 1946-ஆம் ஆண்டு ஜூலையில் பங்கிட நேர்ந்தது. அது இரண்டு ஆண்டுகள் நீடித்தது. இந்நிலையில் 1947-ஆம் ஆண்டு நவம்பர் 20-இல் இளவரசி எலிஸபெத்தின் கலியாணம் வந்தது.

கலியாண உடைக்குப் பட்டு வேண்டும். பட்டுக்குக் கூப்பன் வேண்டும். பட்டத்துக்குரிய இளவரசியாயினும் கூப்பன் இல்லாமல் துணி வாங்க விதியில்லை. சர்க்கார் அவருக்குச் சில கூப்பன்களைக் கூடுதலாக அளித்ததும் பகிரங்கமாகவே நடந்தது. இதையறிந்த சாதாரணப் பெண்கள் பலர், தங்கள் பெட்டியில் சேமித்து வைத்திருந்த கூப்பன்களைத் தபாலில் அனுப்பினார்கள். அன்பினால் அனுப்பியவைதாம். ஆனால் ஒருவர் கூப்பனை மற்றொருவர் உபயோகிப்பது சட்டவிரோதம். ஆதலால் அவற்றை இளவரசி பயன்படுத்தவில்லை. கலியாணப் பணியாரத்திற்கு வேண்டிய சாமான்களும் பங்கீட்டில் இருந்தமையால், ஆஸ்திரேலியாவிலுள்ள பெண் சாரணர்கள் கடல் கடந்து அனுப்பிய சரக்கைக்கொண்டு அது தயாரிக்கப்பட்டது.

அக்கலியாணத்திற்கு நம் நாட்டிலிருந்து சென்ற பரிசு ஒன்று பருத்தி விளைக்கும் குடியானவர்களுக்கு விசேஷமாகத் தெரியவேண்டியது. மகாத்மா காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூலைக்கொண்டு பின்னிய ஒரு சிறு விரிப்பை அனுப்பினார். அதன் நடுவில் ஜெய் ஹிந்த் என்ற சொற்கள் பின்னப்பட்டிருந்தன. சுதந்திரம் அடைந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. பொன்னும் மணியும் குவிந்த இடத்தில், எந்தக் கூப்பனுக்கும் கட்டுப்படாத கைநூல் ஒன்று போய்ச் சேர்ந்தது. யாரிடமும் கேட்காமல், யார் பங்கையும் குறைக்காமல் கொடுக்கக்கூடிய பரிசு தன் உழைப்பு ஒன்றே.

அடுத்த வைபவம் 1953-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2-இல் அதே எலிஸபெத்துக்கு நடந்த முடிசூட்டு. இந்தியா அப்பொழுது குடியரசாகி மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. பிரிட்டனில் சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் இன்னும் பங்கீடு இருந்தது. விழாவை முன்னிட்டு அரசாங்கத்தார் ஒவ்வொருவருக்கும் ஒரு ராத்தல் சர்க்கரையும், வெண்ணெய்க்கு ஈடான மார்கரின் 4 அவுன்ஸும் கூடுதலாக வழங்கினார்கள். பெரிய மனிதர் வீட்டுக்கு இவ்வளவு, சின்ன மனிதர் வீட்டுக்கு இவ்வளவு என்றில்லை, தலைக்கு இவ்வளவு.

இன்னொரு விவரம் மிக ரசமானது. முடிசூட்டு நாளில் ஊர்ப்பொதுவில் முழு எருதைச் சுட்டு விருந்திடுவது அந்நாட்டுச் சில ஊர்களின் வழக்கம். இறைச்சிப் பங்கீடு இருந்த காலத்தில் அதற்கு விலக்கு வேண்டுமென்று பல ஊரார் மனுச் செய்தார்கள். முந்திய முடிசூட்டு விழாக்களிலும் தங்கள் ஊரில் இவ்வழக்கம் நடந்ததென்று ருசுப்படுத்தியவர்களுக்கு மட்டுமே உணவு இலாகா அனுமதி கொடுத்தது. அவ்வாறு 82 மனுக்கள் அனுமதிக்கப்பட்டன. சலுகை உண்டு, அதற்கு ஒரு விதி உண்டு, விதி எல்லோருக்கும் முன்கூட்டித் தெரியும். 1954-ஆம் ஆண்டு ஜூலை 4-இல் இறைச்சிப் பங்கீடும் நீங்கி, 14 ஆண்டுகளாக நடந்த உணவுப் பங்கீடு முற்றுப்பெற்றது.

நம் சங்கங்களுக்கு

இன்று தமிழ்நாட்டில் நியாய விலைக் கடைகளிற் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படுகின்றன. 1997-இல் மத்திய சர்க்கார் வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று குடும்பங்களைப் பிரித்தபோதும், தமிழ்நாடு எல்லோருக்கும் அட்டை என்ற முறையைக் கைவிடவில்லை. வேண்டாதவர் தாமாக விலகிக்கொள்ளலாம். வேண்டுமென்பவர் தம் ஏழ்மையை ருசுப்படுத்த வாயிலில் நிற்கவேண்டியதில்லை. இந்தப் பெருமையின் மற்றொரு பாதி சங்கக் கடையின் தராசில் இருக்கிறது. அதை நினைந்து அங்கத்தினர்கள் நான்கு காரியங்களைக் கவனிக்கக் கோருகிறோம்.

முதலாவது, பெயர்ப்பதிவு. ஊரில் புதிதாகக் குடியேறிய தீப்பெட்டித் தொழிலாளி, மழை பொய்த்த ஆண்டில் வெளியூர் சென்று திரும்பிய குடும்பம், கணவனை இழந்து தனித்திருக்கும் பெண் ஆகியோரே பட்டியலிலிருந்து விடுபடக்கூடியவர்கள். வங்காளத்தில் மாண்டவர்கள் இவர்களைப் போன்றவர்களே. ஒருவர் பெயர் விடுபட்டிருப்பது தெரிந்தால், அது அவர் பாடு என்று வாளாவிருக்கலாகாது.

இரண்டாவது, பஞ்சாயத்தார் வீட்டுச் சீட்டு. சங்கத் தலைவர், காரியதரிசி, இன்ஸ்பெக்டர் ஆகிய எவர் வீட்டுக்கும் முன்வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்று என்று சரக்கு போகக்கூடாது. மன்னன் எவ்வழி மன்னுயிர் அவ்வழி என்பார்கள். சங்கத்தில் தலைவர் எவ்வழியோ அவ்வழியே எடையாளும் செல்வான். வரிசையில் நின்று பை நீட்டுகிற தலைவர் ஒருவர், பத்துச் சுற்றறிக்கைகள் செய்யாத காரியத்தைச் செய்துவிடுவார்.

மூன்றாவது, சலுகைகள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடுதற் சரக்கு வரும்போதும், ஒருவர் வீட்டுக் கலியாணத்திற்காகச் சங்கக் கிட்டங்கியிலிருந்து சாமான் கேட்கும்போதும், கொடுப்பதற்கு முன் விதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். யாருக்கு, எவ்வளவு, எதனால் என்று கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மறைத்துச் செய்த நியாயத்தைவிட வெளிப்படையாகச் செய்த சலுகை மேல்.

நான்காவது, கேள்வி. ராச்டேல் வழிவந்தவர்கள் பங்கிடும் சபையில் இடம் கேட்டு வாங்கினார்கள். உங்களுக்கோ அந்த இடம் சட்டத்தினாலேயே கிடைத்திருக்கிறது. மகாசபைக் கூட்டத்திற்கு வாருங்கள். இருப்புப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். குறைந்த மூட்டைக்குக் காரணம் கேளுங்கள். கேட்பது சண்டையன்று. கேளாதிருப்பதே சங்கத்திற்குச் செய்யும் தீங்கு.

கரிசற் காட்டில் மழை என்று பொய்க்கும் என்று யாரும் சொல்ல இயலாது. விளைச்சல் நன்றாயிருக்கும் ஆண்டில் நேர்மையாகக் கணக்கு வைத்துப் பழகிய சங்கமே, விளைச்சல் பொய்த்த ஆண்டில் ஊரைத் தாங்கும். ஆகவே அடுத்த மகாசபைக்கு நாள் குறிக்கும்போதே, உங்கள் ஊரில் இன்னும் சீட்டில்லாத குடும்பம் எது என்ற கேள்வியை நிகழ்ச்சிநிரலின் முதல் விஷயமாக எழுதிக்கொள்வீர்களாக.